எட்டு என்று சொன்ன கால்

பிப்ரவரி 3, திங்கள்

பால் சங்கத்தில் கொடுத்த டைரி. ஜனவரி முழுக்க மளிகைக் கணக்குக்குக்கூட உதவாமல் அலமாரியில் கிடந்தது. ஆய்வகத்தில் எனக்கு வேறு நோட்டு இருக்கிறது. அதில் எண்கள் மட்டும்தான், அதுவும் ஆங்கிலத்தில். எண்ணாக மாறாத விஷயங்களை எங்கே வைப்பதென்று தெரியாததால் இங்கே வைக்கிறேன்.

ஆய்வு நோட்டில் முதல் பக்கம் பொருள்களின் விவரம் எழுதுவது வழக்கம். இங்கும் எழுதிவிடுகிறேன். பொருள் ஒன்று: என் கணவர் கனகராஜ். எங்கள் பக்கத்து வழக்கப்படி நான் மாமா என்று கூப்பிடுவேன். உயர்நிலைப் பள்ளியில் பி.டி. மாஸ்டர், கபடி நடுவர். போன ஆகஸ்டில் பைக் விபத்தில் இடது கால் முழங்காலுக்குக் கீழே போயிற்று. பொருள் இரண்டு: நான், கோகிலவாணி. கோயம்புத்தூரில் ஒரு கல்லூரி ஆய்வகத்தில் ரப்பர், சிலிக்கோன் போன்றவை எப்படி இழுபடும், எப்போது கிழியும் என்பதைக் கணினியில் கண்டுபிடிக்கிற வேலை. சிமுலேஷன் என்பார்கள். நான் தமிழில் எழுதும்போது ஒத்திகை என்று எழுதுவேன். நாடகம் மேடை ஏறும் முன்பே யார் வசனத்தை மறப்பார்கள் என்று தெரிந்துகொள்வதுதானே.

இன்று இருவரும் அவர் பள்ளிக்கூடத்துக்குப் போனோம். தலைமையாசிரியை நல்ல மனுஷி, ஆனால் கறார்.

"ஜூன்ல ஸ்கூல் தொறக்கறப்ப கிரவுண்டுல நின்னீங்கன்னா கிரவுண்டு உங்களுது சார். இல்லீன்னா லைப்ரரியப் பாத்துக்கங்க. சம்பளம் ஒண்ணுதானுங்க."

"நிப்பனுங்க மேடம்" என்றார் மாமா. வெளியே வந்ததும் வேப்பமரத்தைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினார்.

செயற்கைக்காலில் பழுதில்லை. மீதிக்காலுக்கும் செயற்கைக்காலின் கிண்ணத்துக்கும் நடுவே சாக்ஸ் போல மாட்டுகிற சிலிக்கோன் உறை, லைனர் என்பது, அதுதான் எமன். கடையில் வாங்கியது எலும்பு முனை அழுத்துகிற இடத்தில் ஒதுங்கி ஒதுங்கி மெலிந்துவிட்டது. ஓரத்தில் கிழிசல் வேறு. வீட்டில் சிலிக்கோனைப் பற்றி ஒருத்தி பன்னிரண்டு வருடமாகப் பேசிக்கொண்டே இருக்கிறாள். அவளே ஒன்று செய்துவிட்டால் என்ன?

பிப்ரவரி 4

அரிசிம்பருப்பு சாதத்தில் உப்புப் போட மறந்துவிட்டேன். "நல்லாருக்குது அம்மிணி" என்று இரண்டாம் தடவையும் போட்டுச் சாப்பிட்டார். நான் ஒரு வாய் வைத்த பிறகுதான் தெரிந்தது.

பிப்ரவரி 11

வேலை தொடங்கியாயிற்று. சிலிக்கோன் என்பது நீளநீளமான சங்கிலிகள். அங்கங்கே ஒன்றோடொன்று முடிச்சுப் போட்டு ஒரு வலையாக நிற்கின்றன. முடிச்சு அதிகமானால் கெட்டி, குறைந்தால் கொழகொழ. கணினிக்குள் ஒரு சின்னப் பெட்டி வைத்து, சங்கிலிகளை மணிமணியாகக் கோத்து, முடிச்சுப் போட்டு, பெட்டியை அமுக்கியும் இழுத்தும் பார்க்கிறேன். பிறகு அந்தக் குணத்தை எடுத்து முழு லைனருக்கும் பொருத்த வேண்டும்.

சில சங்கிலிகளுக்கு ஒரு முனையில்தான் முடிச்சு விழும். மறு முனை சும்மா தொங்கும். உதிரிச் சங்கிலிகள். இழுத்தால் பாரம் தாங்காது, கணக்குக்கு மட்டும் நேரம் தின்னும். அத்தனையையும் பெட்டியிலிருந்து நீக்கிவிட்டேன். ஓட்டம் பாதி நேரத்தில் முடிகிறது.

சிலிக்கோன் கலந்து ஊற்றுவது ஜுலைகா. எங்கள் ஆய்வகத்து வேதியியல்காரி, என்னோடு வேலைக்குச் சேர்ந்தவள். என் திரையை எட்டிப் பார்த்து, "ரொம்பச் சுத்தமா இருக்கே கோகிலா. நான் ஊத்துறது இவ்வளவு சுத்தமா வராதும்மா" என்றாள். "அப்ப நீ சுத்தமா ஊத்தக் கத்துக்க" என்றேன். சிரித்தாள். அவளிடம் எதைச் சொன்னாலும் சிரித்துவிடுவாள், அது ஒரு தொல்லை.

பிப்ரவரி 20

செயற்கைக்கால் மையத்திலிருந்து மாமாவின் மீதிக்காலை ஸ்கேன் செய்த கோப்பு வந்தது. சாம்பல் நிறத்தில் திரையில் சுற்றுகிறது. எந்தப் பக்கம் வேண்டுமானாலும் திருப்பலாம், பெரிதாக்கலாம். நாள் முழுக்க அதோடுதான் இருந்தேன். எங்கே வளைவு, எங்கே எலும்பு நீட்டிக்கொண்டிருக்கிறது, எல்லாம் கண்ணை மூடினாலும் வரைவேன்.

வீட்டில் மாமா காலை மாட்டும்போதும் கழற்றும்போதும் படுக்கையறைக் கதவைச் சாத்திக்கொள்கிறார். அவருக்கு அது வசதி. நானும் தட்டுவதில்லை. ஆஸ்பத்திரியில் கட்டுப் பிரித்த அன்று எனக்குப் போன் வந்ததால் வெளியே போகவேண்டியதாயிற்று. பிறகு பார்க்கச் சந்தர்ப்பம் அமையவில்லை. ஸ்கேன்தான் இருக்கிறதே.

மார்ச் 6

கிடைத்துவிட்டது! முடிச்சை இன்னும் கொஞ்சம் நெருக்கினால் எலும்பு முனையில் ஒதுங்காது, ஓரத்தில் கிழியாது. ஒத்திகையில் எத்தனை தரம் அமுக்கினாலும் சொன்ன சொல் தவறாமல் பழைய உருவத்துக்கு வந்து நிற்கிறது. ஜுலைகாவிடம் கலவை விகிதம் எழுதிக் கொடுத்தேன். உதிரி முனைகள் முடிந்தவரை வரவே கூடாது என்று அடிக்கோடு போட்டேன்.

மாமாவுக்கு விளக்கினேன். சுண்டல் கொறித்துக்கொண்டு கேட்டார்.

"பாரம் தாங்காததெல்லாம் எடுத்தாச்சா?"

"ஆமா மாமா. அதுக சும்மா தொங்கிட்டு இருக்கறதுதான?"

"பெஞ்சுல உக்காந்திருக்கறவனையெல்லாம் டீம விட்டே தூக்கிட்டீங்க."

பி.டி. மாஸ்டருக்கு எல்லாமே கபடிதான்.

மார்ச் 15, சனி

லைனர் தயார். மாமா அதை எடுத்துக்கொண்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினார். நான் வெளியே நகத்தைக் கடித்தேன். வெளியே வந்து ஹாலில் இந்தச் சுவருக்கும் அந்தச் சுவருக்கும் நடந்தார். நிமிர்ந்து நடந்தார். ஆகஸ்டுக்குப் பிறகு அப்படி நிமிர்ந்து நான் பார்த்ததில்லை.

"பத்துக்கு எத்தனை மாமா?"

என் முகத்தையே சற்று நேரம் பார்த்தார். "எட்டு."

கேசரி கிளறினேன். முந்திரிப் பருப்பைக் கணக்குப் பார்க்காமல் கொட்டினேன். யாராவது ஏதாவது சொன்னால் சொல்லட்டும், எனக்குச் சந்தோஷமாக இருக்கிறது.

மார்ச் 18

எட்டு.

மார்ச் 24

நேற்று எட்டு, இன்று எட்டரை. அரை மார்க் எதற்கு என்று கேட்டதற்கு, "உன்ற முயற்சிக்கு" என்றார். இப்படியெல்லாம் மதிப்பெண் போட்டால் ஆய்வு உருப்படுமா? இருந்தாலும் குறித்துக்கொண்டேன்.

ஒத்திகையில் ஒரே ஒரு உறுத்தல் இருந்தது. தோலுக்கும் லைனருக்கும் நடுவே வழுக்கல் அதிகமாகக் காட்டியது. அப்படி வழுக்கினால் தோல் உராய்ந்து புண்ணாகியிருக்க வேண்டும், மார்க் நாலுக்கு மேல் வரக் கூடாது. ஆனால் அவரோ எட்டு என்கிறார். கால் சொல்வதைக் கணினி மறுக்க முடியுமா? பிடிமான எண்ணைக் கூட்டி வைத்தேன். உடனே எல்லாம் பொருந்திவிட்டது. பழம் நழுவிப் பாலில் விழுந்தது.

இப்போதெல்லாம் மாமாவுக்கு வீட்டு வேலையில் ஆர்வம் வந்துவிட்டது. ஸ்டூலில் உட்கார்ந்து காய் நறுக்குகிறார். தன் துணியைத் தானே துவைத்துத் தானே மாடியில் காயப்போடுகிறார். என்னைத் தொடவிடுவதில்லை.

ஏப்ரல் 2

சாயங்காலம் மார்க்கெட் வரை நடக்கலாமா என்றேன். கிரிக்கெட் பார்க்க வேண்டும் என்றார். அவருக்குக் கிரிக்கெட் என்றாலே ஆகாது. கபடியைக் கெடுத்தது அதுதான் என்று திட்டுவார். வயதாக ஆக மனிதர்கள் மாறுகிறார்கள்.

ஏப்ரல் 9

ஜுலைகாவோடு சண்டை. அவள் தன்பாட்டுக்கு எங்கள் சிலிக்கோனில் ஒரு துண்டை அமுக்கும் இயந்திரத்தில் வைத்து, மெதுவாக இல்லாமல் மனிதர் நடக்கிற வேகத்தில் இடித்துப் பார்த்திருக்கிறாள்.

"இது பந்து மாதிரி திருப்பி அடிக்குது கோகிலா. எதையும் உள்ள வாங்கவே மாட்டேங்குது. இதப் போட்டு நடந்தா அடிக்கு அடி எலும்புல இடிக்கும்."

"அவரு எட்டுங்கறாரு. உன்ற மெஷினுக்குக் கால் இருக்கா?"

"உன் வீட்டுக்காரரு உனக்கு என்னிக்காச்சும் எட்டுக்குக் கீழ மார்க் குடுத்திருக்காரா?"

இது என்ன பேச்சு? மதியம் நான் தனியாகச் சாப்பிட்டேன். அவள் கொண்டுவந்த தேங்காய்ப்பாலையும் தொடவில்லை.

ஏப்ரல் 14, சித்திரை ஒன்று

மருதமலை போனோம். பஸ் மேலே வரை போகிறது, அதன் பிறகும் படி இருக்கிறது. படிக்குக் கீழேயே மாமா நின்றுவிட்டார்.

"நீ போய்ட்டு வா அம்மிணி. செருப்ப நான் பாத்துக்கறேன்."

"செருப்பு வைக்க ஆள் இருக்காங்க மாமா."

"கூட்டம். நம்பப்படாது."

நான் மட்டும் மேலே போய் இருவருக்கும் சேர்த்து வேண்டிக்கொண்டு வந்தேன். திரும்பி வந்தபோது கல்லில் உட்கார்ந்து கண்ணை மூடியிருந்தார். நெற்றியெல்லாம் வேர்வை. வெயில் அப்படி. இன்றைக்கு மார்க் கேட்கவில்லை. அவராகவே "எட்டு" என்றார்.

ஏப்ரல் 27, ஞாயிறு

கோடை மழை. மாமா கடைக்குப் போயிருந்ததால் மாடித் துணியை நான்தான் எடுத்தேன். இன்று எழுத ஒன்றுமில்லை.

ஏப்ரல் 28

எழுத இருக்கிறது.

நேற்று கொடித் துணியை எடுத்த பிறகு, தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் தனியாக ஒரு கயிறு கட்டியிருந்ததைப் பார்த்தேன். லைனருக்குள் போடுகிற மெல்லிய பருத்தி உறைகள் அதில் வரிசையாகத் தொங்கின. ஒவ்வொன்றின் முனையிலும் பழுப்புக் கறை. துவைத்துத் துவைத்தும் போகாத கறை. ரத்தம் எப்படிக் காயும் என்று பெண்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. மழையில் நனைந்துகொண்டு அங்கேயே நின்றேன். பிறகு எல்லாவற்றையும் அப்படியே விட்டுவிட்டுக் கீழே வந்து ரசம் வைத்தேன். ராத்திரி முழுக்கத் தூங்கவில்லை.

காலையில் மாடிக்குப் போய் ஓர் உறையை எடுத்து வந்து கதவைத் தட்டினேன்.

"கதவத் தெறங்க மாமா."

"சித்த இரு அம்மிணி, சட்டை மாத்திட்டிருக்கறன்."

"சட்டை மாத்தறதுக்கு எதுக்குக் கதவச் சாத்தோணும்? தெறங்க."

ஒற்றைக் காலில் சுவரைப் பிடித்துக்கொண்டு வந்து திறந்தார். வேட்டியை இழுத்து மூடிக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்தார். என் கையிலிருந்த உறையைப் பார்த்தார்.

"அது துரு. தொட்டிப் பைப்புல துரு இருக்குது."

"மாமா."

"துருதான் அம்மிணி..."

"முழுப் பூசணிக்காயச் சோத்துல மறைக்காதீங்க மாமா. காட்டுங்க."

வேட்டியை விலக்கினார். எலும்பு முனை இருக்கும் இடத்தில் தோல் உரிந்து சிவந்து, ஓரமெல்லாம் கொப்புளம். நான் அவர் காலருகே தரையில் உட்கார்ந்தேன்.

"எப்ப இருந்து?"

"மொத நாள்ல இருந்தே."

"எட்டுன்னீங்களே! எட்டரைன்னீங்களே!"

"கேக்கறப்ப உன்ற மூஞ்சி எப்பிடி இருந்துச்சுன்னு உனக்குத் தெரியாது. ஏழுன்னு சொல்லலாம்னு பாத்தேன். வாய் வல்லை."

கோபம் வந்தது. இவ்வளவு கோபம் எனக்குள் இருக்கிறதென்று எனக்கே தெரியாது. என் ஒத்திகையில் வழுக்கல் இருக்கிறது என்று கணினி ஒழுங்காகத்தான் சொல்லியிருக்கிறது. இவருடைய எட்டை நம்பி நான் அதன் வாயை அடைத்திருக்கிறேன். அதையெல்லாம் கத்தினேன். அவர் தலையைக் குனிந்துகொண்டார். கடைசியில், "நீங்க எதுக்குக் கதவச் சாத்தறீங்க? நான் வேத்தாளா?" என்றேன்.

"நீ தலையத் திருப்பிக்குவியோன்னுதான்."

"நான் எப்பத் திருப்பினேன்?"

"ஆஸ்பத்திரியில. கட்டுப் பிரிச்சன்னைக்கு."

போன் வந்தது என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை. அன்று போன் வரவில்லை. அது அவருக்கும் தெரியும்.

பிறகு பார்த்தேன், முதல்முறையாக. ஸ்கேனில் இருந்தது இது இல்லை. அது வழவழப்பான சாம்பல் நிற மண்பொம்மை. இதற்கு நிறம் இருந்தது, சூடு இருந்தது, தையல் கோடு கொஞ்சம் கோணல். மேலே இருந்த ரோமம் அப்படியே இருந்தது. தையலுக்குப் பக்கத்தில் மிளகு அளவில் ஒரு கறுப்பு மச்சம்.

எனக்கு அந்த மச்சத்தைத் தெரியும். கல்யாணத்துக்கு முன்னால் மாவட்டக் கபடியில் அவர் டவுசரோடு ஓடியபோது கெண்டைக்காலில் பார்த்தது. அது காலோடு போய்விட்டது என்றே நினைத்திருந்தேன்.

"மாமா, இது பின்னாடியல்லொ இருந்துச்சு!"

"டாக்டரு கெண்டைச் சதைய முன்னாடி கொண்டாந்து மூடித் தெச்சாரல்லொ, அதுவும் கூடவே வந்துருச்சு."

"எங்கிட்டச் சொல்லவே இல்லையே?"

"நீ கேக்கவே இல்லையே அம்மிணி."

விரலை வைத்தேன். அவர் காலை இழுத்துக்கொள்ளவில்லை. பிறகு இருவரும் அழுதோம், பக்கத்து வீட்டு மிக்ஸி ஓடிக்கொண்டிருந்தது. கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்த கதை என்பது இதுதான். மாதக்கணக்காகத் திரையில் சுற்றிச்சுற்றிப் பார்த்தேன், கால் அடுத்த அறையில் இருந்தது.

ஏப்ரல் 30

டாக்டர் புண் ஆறும்வரை செயற்கைக்கால் கூடாது என்றார். அக்குள் கட்டைகளை ஊன்றி நடக்கிறார். ஜூன் கண்ணில் தெரிகிறது.

ஜுலைகாவிடம் போய் நின்றேன். எப்படி ஆரம்பிப்பதென்று தெரியவில்லை. அவளே தேங்காய்ப்பால் டம்ளரை நகர்த்திவைத்து, "குடிச்சிட்டுச் சொல்லு" என்றாள். குடித்துவிட்டுச் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை.

உதிரிச் சங்கிலிகளைத் திரும்பப் பெட்டிக்குள் போட்டுவிட்டேன். ஓட்டம் ஆமை வேகம்தான், ஓடட்டும்.

மே 3

இப்போது புரிகிறது. மெதுவாக இழுத்துப் பார்த்தால் உதிரிச் சங்கிலி எதையும் தாங்காது. அதுவரை நான் சொன்னது சரி. ஆனால் நடை என்பது மெதுவாக இழுப்பது இல்லை, இடி. ஒவ்வொரு அடி விழும்போதும் தொங்குகிற முனைகள் அக்கம்பக்கத்துச் சங்கிலிகளுக்குள் நெளிந்து போய், நிதானமாகத் திரும்பி வருகின்றன. அப்படி நெளிகிற நெளிச்சலில்தான் அதிர்ச்சி கரைகிறது. அவற்றைத் துரத்திவிட்டால் வாங்கிய அடியை அப்படியே எலும்புக்குத் திருப்பிக் கொடுக்கிற வலைதான் மிஞ்சும். தோலில் ஒட்டிப் பிடிப்பதும் அந்த முனைகள்தான். அவை இல்லாததால்தான் வழுக்கல்.

கடையில் வாங்கியதில் உதிரி அதிகம், முடிச்சு குறைவு. நான் செய்ததில் முடிச்சு அதிகம், உதிரியே இல்லை. நடுவே எங்கேயோ இருக்கிறது மாமாவின் லைனர்.

வீட்டில் சொன்னேன். "பெஞ்சுல இருந்தவனுக வந்துட்டானுகளா?" என்றார். வந்துவிட்டார்கள் என்றேன்.

ஆனால் எவ்வளவு உதிரி வேண்டும் என்பதைக் கணினி மட்டும் சொல்லாது. கால் சொல்ல வேண்டும். கால் வைத்திருக்கிறவரோ எட்டு என்பார்.

மே 10

புண் ஆறி வருகிறது. தினமும் நான்தான் துடைத்து மருந்து வைக்கிறேன். கதவு திறந்தே இருக்கிறது. இன்று மருந்து வைக்கும்போது கேட்டேன்.

"மாமா, எந்த மேட்ச்லயாவது பொய் விசில் ஊதுனது உண்டா?"

அவருக்கு வந்ததே கோபம்! "கோட்டுல நின்னா? என்ற அண்ணன் மகன் ஆடுன ஃபைனல்ல அவனயே அவுட்டுக் குடுத்தவன் நானு. அண்ணன் ஒரு வருசம் எங்கூடப் பேசல."

"அப்ப விசில எடுங்க."

"எதுக்கு?"

"இனிமே மார்க் கெடையாது. வலிச்சா ஊதோணும். வலிக்கிலீன்னா ஊதப்படாது. ஆடறது என்ற லைனர், நீங்க நடுவர். அது பொண்டாட்டி செஞ்சதுன்னு பாக்கப்படாது."

கட்டையை ஊன்றி எழுந்து, பீரோவிலிருந்து அந்தப் பழைய விசிலை எடுத்துத் துடைத்தார். ஆகஸ்டிலிருந்து அது வெளியே வந்ததில்லை.

மே 18, ஞாயிறு

புது லைனர். ஜுலைகா தன் கையால் ஊற்றியது. புண் முழுக்க ஆறிய பிறகு டாக்டரிடம் கேட்டுக்கொண்டு, கொஞ்ச நேரம் மட்டும்.

மாமா கழுத்தில் விசிலை மாட்டிக்கொண்டு ஹாலில் நடந்தார். இரண்டாவது அடியில் ஒரு விசில். திரும்பும்போது இன்னொன்று. கீழ்வீட்டுக்காரர் படியேறி வந்து, "போலீசு வந்திருக்குதுங்களா?" என்று கேட்டார். இல்லைங்க, மேட்ச் நடக்குது என்றேன். எங்களை ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் போனார்.

ஊதிய இடங்களைப் போனில் பதிந்து, ஒத்திகையோடு வைத்துப் பார்த்தேன். குதிகால் விழும்போது வலிக்காது என்று ஒத்திகை சொல்லியிருந்தது. விசில் அங்கேதான் கேட்டது. என் கணினி சொன்னதை அவர் கால் முதல்முறையாக வாய்விட்டு மறுத்தது. அப்படி ஒரு நிம்மதி எனக்கு.

மே 25, ஞாயிறு

அடுத்த லைனர். உதிரி இன்னும் கொஞ்சம், எலும்பு முனையில் மட்டும் முடிச்சு நெருக்கம். மாமா தெருமுனை வரைக்கும் போய் வந்தார். போகும்போது விசில் இல்லை. திரும்பும்போது பால் பூத் பக்கத்தில் ஒன்று. சின்னதாக.

சாயங்காலம் அரிசி களைந்துகொண்டிருந்தேன். ஸ்டூலில் உட்கார்ந்து வெங்காயம் உரித்தவர் திடீரென்று கேட்டார்.

"ஸ்கூல் தொறக்கற ஜூன் ரெண்ட நெனச்சா உனக்கு எப்பிடி இருக்குது?"

"எனக்கென்னங்க? நீங்க போகப்போறீங்க, நான் ஆபீசுக்குப் போகப்போறேன்."

விசில் ஊதினார். சமையலறையில், காதுக்குள் விழுகிற மாதிரி!

"என்ன மாமா!"

"ஃபவுல். மறுபடி சொல்லு."

அரிசித் தண்ணீரில் கையை வைத்துக்கொண்டே நின்றேன். பிறகு சொன்னேன். "பயமா இருக்குது மாமா. நீங்க கிரவுண்டுல விழுந்துட்டா... பசங்க பாத்துட்டா... லைனர் கிழிஞ்சா... நான் செஞ்சதுனாலதான்னு..."

"ஆகஸ்ட்ல இருந்து பயந்துட்டு இருக்கற. ஒரு நாளாச்சும் வாயத் தெறந்தயா? எனக்குப் பொய் மார்க்குப் போடக் கத்துக்குடுத்ததே நீதான்."

"விழுந்துட்டா?"

"கபடியில விழறதெல்லாம் ஒரு பாயின்ட்டுக்கு மேல போகாது அம்மிணி. எந்திரிச்சு வந்து அடுத்த ரைடு போறதுதான்."

நான் அழுதேன். வெங்காயம் உரித்தவரும் அழுதார், வெங்காயத்தின் மேல் பழியைப் போட்டுவிட்டு.

ஜூன் 1

வெள்ளைப் பேன்ட், வெள்ளைச் சட்டை இஸ்திரி போட்டு மாட்டியாயிற்று. பருத்தி உறைகள் மாடியில் பொதுக் கொடியிலேயே காய்கின்றன. வெள்ளை வெளேரென்று இருக்கின்றன.

ஜூன் 2, திங்கள்

நான் கூட வருகிறேன் என்றதற்கு வேண்டாம் என்றார். ஆய்வகத்தில் போனை மேசை நடுவில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். திரையில் ஒத்திகை ஓடியது, நான் ஒரு எண்ணைக்கூடப் பார்க்கவில்லை. ஜுலைகா நாற்காலியை இழுத்துப் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து வேர்க்கடலை உடைத்தாள்.

பதினொரு மணி வாக்கில் போன் அடித்தது. எடுத்தேன். குரல் இல்லை. விசில் மட்டும். சின்னது.

"உக்காருங்க மாமா" என்றேன்.

"உக்காந்துட்டேன். படியில. பிரேயர் முழுக்க நின்னேன், அடுத்த பீரியடும் நின்னேன். இப்பத்தான் லேசா வலிச்சுது, உடனே ஊதிட்டேன். பசங்க மேட்ச் நின்னுருச்சுன்னு அவனுகளும் உக்காந்துட்டானுக." பின்னால் பிள்ளைகள் சிரிக்கிற சத்தம் கேட்டது.

"தலைமையாசிரியை பாத்தாங்களா?"

"பாத்தாங்க. என்ன சார் உக்காந்துட்டீங்கன்னு கேட்டாங்க. வலிச்சுதுங்க மேடம், சித்த நேரத்துல எந்திரிச்சுருவேன்னேன்."

"என்ன சொன்னாங்க?"

"விளையாட்டு ரூம் சாவிய எங்கிட்டக் குடுத்துட்டுப் போய்ட்டாங்க."

ஜுலைகா போனைப் பிடுங்கி, "மாஸ்டர், எட்டா?" என்று கத்தினாள். "ஆறுங்க" என்றார் மாமா. அவள் அதைத் தன் நோட்டில் எழுதிக்கொண்டாள்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் அவர் கட்டிலில் உட்கார்ந்தார், நான் லைனரைக் கழற்றினேன். தோல் சிவந்திருந்தது, உரியவில்லை. மச்சம் இருந்த இடத்தில் இருந்தது. ஈரத்துணியால் துடைத்துக் காற்றாட விட்டுவிட்டு, அரிசிம்பருப்பு சாதம் வைத்தேன். தட்டில் போட்டுக் கொடுத்துவிட்டு எதிரே உட்கார்ந்தேன்.

ஒரு வாய் வைத்தார். மென்றார். என் முகத்தைப் பார்த்தார்.

"உப்பு இல்ல அம்மிணி."

எழுந்து போய் உப்பு ஜாடியை எடுத்து வந்தேன்.